ஏழெழுத்துக்காரி

தென்காசி வட்டாரத்தில் ஒரு காலத்தில் பெண்பிள்ளைக்குப் பெயர் தேடுகிற வேலையே கிடையாது. பெயர் கோயிலில் தயாராக இருக்கும், போய் எடுத்துவர வேண்டியதுதான். காசிவிசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் உலகம்மாள். சங்கரன்கோவில் என்றால் கோமதி, இல்லையென்றால் ஆவுடையம்மாள். இரண்டும் ஒரே அம்பாள். திருநெல்வேலிக்குக் காந்திமதி, கடையத்துக்கு நித்யகல்யாணி. பெரிய கோயில் அம்பாளிடம் உரிமை கொண்டாட முடியாத வீடுகளுக்கு முப்பிடாதி, பேச்சி, இசக்கி, மாடத்தி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பெயரைக் கேட்டுவிட்டால் ஊரைத் தனியே கேட்கவேண்டாம். சாதியையும் பாதி கண்டுபிடித்துவிடலாம். அதற்காகவே பெயரைக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதை, அந்தக் காலத்துப் பெருமை பேசும்போது நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

குற்றாலத்துக்கு வாய்த்தவள் குழல்வாய்மொழி. எனக்கும் அதுதான் பெயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் பிறந்தவள் நான். ஆனியில் சாரல் இறங்கினால் கொடியில் போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. எங்கள் வீட்டில் மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் என்பது எழுதாத சட்டம். ஆச்சிக்கு அவள் ஆச்சியின் பெயர். ஆகவே எனக்கென்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை; பிறப்பதற்கு முன்பே பெயர் காத்திருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆச்சி இருந்தவரைக்கும் என் அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா, அம்மாளு, ராசாத்தி, கோபம் வந்தால் ‘ஏட்டி’. வீட்டுக்குள் ஆச்சி ஒருத்தியைத் தவிர அந்தப் பெயரை முழுசாகச் சொல்வார் இல்லை. அவளும் என்னைக் கூப்பிடுகிறாளா, தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாளா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலில் என் பெயரை நான் பலர் வாயில் கேட்டேன். பயல்கள் ‘குழாய்’ என்றார்கள். தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தார்கள். வாய்மொழித் தேர்வு நாளன்று ஒரு வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, ‘தேர்வே வந்து நிக்கி’ என்றதும் வகுப்பு சிரித்து ஓய அரைமணி ஆயிற்று. புல்லாங்குழல் போலப் பேசுகிறவள் என்று பொருள். எனக்கு வாய்த்ததோ கட்டைக் குரல். இறைவணக்கம் பாட ஆள் எடுக்கும்போது, பெயரைப் பார்த்துக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

1967-ல் ஆட்சி மாறியபோது என் பெயருக்கு எதிர்பாராத ஒரு மரியாதை வந்தது. 1916-ல் சுவாமி வேதாசலம் மறைமலையடிகளாகி, அவருக்குப் பின்னால் ஒரு தலைமுறையே பெயரைத் தமிழாக்கி, பிறகு கழகக்காரர்கள் வீட்டுக்கு வீடு தேன்மொழி, கயல்விழி, பூங்கோதை, தமிழரசி என்று வைத்துக்கொண்டிருந்த காலம் அது. மொழி என்று முடிகிற பெயரைக் கேட்டதும் புதிதாக வருகிற அதிகாரிகள் ஒரு மாதிரிப் புன்னகையோடு, ‘அப்பா இயக்கமோ?’ என்பார்கள். அப்பா இயக்கமெல்லாம் இல்லை. திருநீறு இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார், காங்கிரசைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போடமாட்டார். கேட்டவர் போனபிறகு திண்ணையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளுவார். “என்னவே பேசுதாம் இவன்? திரிகூடராசப்பர் பாட்டுலயே உள்ள பேரு. இவன் கட்சி எப்பம் வந்துது?”

அதில் நியாயம் இருந்தது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் வணங்கிப் பாடிய அம்மைதான் இவள். ஆனால் அதே சந்நிதியில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினால் உள்ளேயிருந்து வேணுவாக்வாதினி என்று சமஸ்கிருதத்தில் கேட்கும். அதற்கும் குழல் போலப் பேசுகிறவள் என்றுதான் பொருள். ஆக, அரசியல்காரர்கள் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்தார்கள், குருக்கள் தங்கள் பக்கம் சேர்த்தார். எனக்கு இரண்டு இடத்திலும் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை.

பெயரை மாற்றுகிற பிள்ளைகளைத் திட்டுகிற பெரியவர்கள் எங்கள் ஊர்த் தலபுராணத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. குற்றாலநாதர் முதலில் பெருமாளாக இருந்தவர். அகத்தியர் வந்து தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக்கினார் என்பது கதை. பக்கத்தில் நின்ற ஸ்ரீதேவி குழல்வாய்மொழி ஆனாள், பூதேவி பராசக்தி ஆனாள். கோயிலின் அமைப்பே சங்கு வடிவம், உள்ளே சிவலிங்கம். சம்பந்தர் வந்து குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் தலமரமான குறும்பலாவுக்குத் தனியாக ஒன்றும் பாடிவைத்துவிட்டுப் போனதால், பழைய பெயரைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. கெசட் இல்லாத காலத்திலேயே பெயரை மாற்றிக்கொண்ட அம்பாளின் பெயரைத்தான் நாங்கள் பரம்பரைச் சொத்து என்று காத்துவந்தோம்.

என் வகுப்புக்காரிகள் அந்தச் சொத்தைக் கல்யாணத்தோடு கைகழுவினார்கள். உலகம்மாள் உலகேஸ்வரி ஆனாள். முப்பிடாதி மெட்ராசில் பிரபாவதி என்று கேள்விப்பட்டேன். அவர்கள் மகள்களுக்கு ஜெயந்தி, சாந்தி, வசந்தி. பிறகு சினிமாவிலிருந்து ரேவதி, 1994-ல் உலக அழகிப் பட்டம் வந்ததும் எங்கு பார்த்தாலும் ஐஸ்வர்யா. அப்புறம் வந்ததெல்லாம் ஷ, ஹ, ஸ்ரீ இல்லாமல் ஆகாது என்ற எண் கணித யுகம். தென்காசி ரத வீதியில் நின்று ‘தர்ஷிணி’ என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து ஏன் என்று கேட்பார்கள். எந்த ஊர்க்காரி என்று மட்டும் சொல்ல முடியாது. அதற்காகத்தானே வைத்தது.

நான் மட்டும் மாற்றவில்லை. பிடிவாதம் என்றில்லை, சோம்பல். விலையைப் பிற்பாடுதான் கொடுத்தேன். தமிழில் ஏழே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் பதினான்கு, அதில் ‘இசட் எச்’ இரண்டு தரம். உத்தியோகத்தில் சேர்ந்த இடத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் இவை எதிலும் சேராத இன்னொரு மாதிரி. ஓய்வூதியக் காகிதத்துக்காக நாங்கள் நால்வரும் ஒருத்திதான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுத்தேன். என்னைச் சொல்லி என்ன, அரசாங்கமே இந்த ழகரத்தில் வழுக்கியிருக்கிறது. 2020-ல் 1018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்பின்படி ஆங்கில எழுத்துக்கூட்டு என்று ஆணை வெளியிட்டு, ஊரெல்லாம் சிரிக்க, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லை.

இனி என் பேத்தி கதை. மகனும் மருமகளும் தோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் இருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அங்கே நிறைய. துவரம்பருப்பு, கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை. பேத்தி பிறந்தது 2019-ல். அந்த வருஷம் நவம்பர் 22-ல்தான் தென்காசி தனி மாவட்டமானது. அதனால் அவள் அப்பன் சொந்த மாவட்டத்தின் பெயரும் மாறிப்போனது. ஜப்பானில் பிள்ளை பிறந்தால் 14 நாளுக்குள் நகராட்சியில் பதியவேண்டும், பெயரோடு. நம் ஊரில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அபராதம் கட்டினால் பதினைந்து வருஷம் வரைக்கும் அவகாசம் உண்டு. இவ்வளவு தாராளம் பழகிய குடும்பத்துக்கு 14 நாள் கெடு.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. பெயர் சிறியதாக இருக்கவேண்டும். ழ வேண்டாம், ள வேண்டாம். ஜப்பானியர் நாக்கில் ல, ர இரண்டும் ஒன்று என்பதால் லட்சுமி, லலிதா, லீலா எல்லோரும் வெளியே. சம்பந்தியம்மா ‘உமா’ என்றார்கள். இரண்டே எழுத்து, பார்வதி பெயர், யாருக்கும் ஆட்சேபம் இருக்காதென்று நினைத்தோம். ஜப்பானிய மொழியில் அது குதிரை என்று மகன் சொன்னான். பார்வதியும் போனாள். என் பெயரை நானாகச் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை. கடைசியில் மகன்தான் ஆரம்பித்தான்.

“அம்மா, தப்பா நெனைக்காத. பதினாலு லெட்டர். எல்.கே.ஜி.ல பிள்ளை அழுதுரும்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே டே.”

“நீ சொல்லலைன்னாதான் எனக்குப் பயமா இருக்கு.”

முடிவாக வந்தது ‘ஹனா’. ஜப்பானில் பூ என்று பொருள். அரபியிலும் ஐரோப்பாவிலும் இதே ஒலியில் பெயர் உண்டாம், உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் தடங்கல் இராதாம். என் மனசாறுதலுக்கு ஒரு ஏற்பாடும் செய்தார்கள். பெயர் விடுகிற அன்று காதில் மூன்றுமுறை ஆச்சி பெயரைச் சொல்லலாம், சான்றிதழில் ஹனா. கைப்பேசியைப் பிள்ளை காதருகே பிடித்தார்கள். நான் மேலகரத்திலிருந்து என் பெயரை நானே மூன்றுதரம் கூவினேன். இரண்டாவது தரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. ‘கேட்டுட்டா, கேட்டுட்டா’ என்று மருமகள் சத்தியம் செய்தாள்.

பிற்பாடு அங்கே போயிருந்தபோது, கீழ்த்தளத்து வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர், கசுகோ என்று பெயர். பேத்தியின் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மருமகளைக் கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “அவங்க பாட்டி பேரும் ஹனாவாம், அத்தை. அந்தக் காலத்துப் பாட்டிங்க பேராம்.”

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. ஆச்சி பெயர் பழசு என்று உலகமெல்லாம் சுற்றி, இன்னொரு நாட்டு ஆச்சியின் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

விசாரிக்க விசாரிக்கக் கதை நீண்டது. மெய்ஜி காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில், ஜப்பானின் சாதாரண வீட்டுப் பெண்களுக்கு இரண்டே அசையில் பெயர். ஹனா பூ, உமே பிளம் மரம், தோரா புலி, குமா கரடி. நம் மாடத்தி, பேச்சி வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னால் ‘கோ’ சேர்ப்பது அரண்மனை, பிரபு வீட்டுப் பழக்கம். குழந்தை என்று பொருள் தரும் எழுத்து அது. ஹனா தெருவில் இருந்தாள், ஹனாகோ மாளிகையில் இருந்தாள்.

அப்படி ஒரு ஹனா 1893-ல் பிறந்தாள். தேநீர் வியாபாரம் செய்தவர் மகள். தோக்கியோவில் கனடாக்காரர்கள் நடத்திய மிஷன் பள்ளியில் படித்து, ஆங்கிலம் கற்று, முராவோகா ஹனாகோ என்ற பெயரில் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆனார். ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ என்ற கனடா நாவலை ஜப்பானியருக்கு 1952-ல் கொடுத்தவர் அவர்தான். அவர் வாழ்க்கையை 2014-ல் ஜப்பானின் என்.எச்.கே. காலைத் தொடராக எடுத்தது. அதில் சின்னப்பெண் ஹனா எல்லோரிடமும், என்னை ஹனாகோ என்று கூப்பிடுங்கள் என்று மல்லுக்கு நிற்பாள். அவர் மொழிபெயர்த்த நாவலின் அனாதைப் பெண்ணுக்கும் தன் பெயர் பிடிக்காது. கார்டீலியா என்று கூப்பிடச் சொல்லி, அது நடக்காது என்றதும், ஆன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி ‘இ’யையாவது விடாமல் எழுதுங்கள் என்பாள். எத்தனை கவுண்டரில் ‘இசட் எச்’ போடுங்க என்று கெஞ்சியிருக்கிறேன். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்.

மாளிகையின் ‘கோ’ பிறகு வீட்டுக்கு வீடு வந்தது. மெய்ஜி யசுதா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1912 முதல் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்குமான பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. அதன் முதல் அரை நூற்றாண்டைப் பார்த்தால் பெண்கள் பகுதியில் பெரும்பாலும் கோ, கோ, கோ. ஷோவா யுகம் தொடங்கியதும் அந்த யுகப் பெயரின் இரண்டாம் எழுத்தைக் கொண்ட கசுகோ முதலிடத்துக்கு வந்து, பல வருஷங்கள் நகரவே இல்லை. எங்கள் கீழ்வீட்டம்மா அந்த அலையில் வந்தவர். ஹிரோஷிமாவில் காகிதக் கொக்கு மடித்த சதாகோவும் அதே தலைமுறைதான்.

பிறகு எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு ஏற்படுகிற கதி. 1980-களிலிருந்து புதுப் பெற்றோருக்கு ‘கோ’ பாட்டி வாசனை அடிக்கத் தொடங்கியது. இப்போது முன்வரிசையில் இருப்பவர்கள் ஹிமாரி, ரின், த்ஸுமுகி. அரண்மனையில் மட்டும் வழக்கம் மாறவில்லை. 2001-ல் பிறந்த இளவரசி ஐகோதான். எங்கே கிளம்பியதோ அங்கேயே போய் ஒண்டிக்கொண்டது. ஹனாகோவின் நிலைமைதான் பரிதாபம். விண்ணப்பப் படிவங்களில் மாதிரிக்கு எழுதிக் காட்டுகிற பெயர் யமதா ஹனாகோ. பள்ளிக்கூடக் கழிப்பறையில் இருக்கிறதாகப் பிள்ளைகள் பயமுறுத்திக்கொள்கிற பேயின் பெயரும் ஹனாகோ.

பேரும் புகழுமாக வாழ்ந்த ஹனாகோ ஒருத்தி உண்டு. அது யானை. 1949-ல் தாய்லாந்திலிருந்து தோக்கியோ உவேனோ பூங்காவுக்கு வந்தது. போர்க்காலத்தில் பட்டினி போட்டுக் கொல்லப்பட்ட பழைய யானைகளில் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே மாதம் நேரு அனுப்பிய யானை இந்திராவும் அங்கே போய்ச் சேர்ந்தது. மகள் பெயரை யானைக்கு வைத்து அனுப்பிய பிரதமர் அவர். இனோகஷிரா பூங்காவுக்கு மாறிய ஹனாகோ 2016-ல் 69 வயதில் இறந்தபோது ஊரே பூ வைத்து அழுதது.

மருமகளுக்கு இந்த யானைக் கதையை நான் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. கண்டபடி உச்சரிப்பு வைக்கிற ஆடம்பரப் பெயர்கள் பெருகிவிட்டன என்று, பெயரோடு அதன் உச்சரிப்பையும் குடும்பப் பதிவேட்டில் எழுதவேண்டும், எழுத்துக்குச் சம்பந்தமில்லாத உச்சரிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் அங்கே சட்டம் அமலுக்கு வந்தது. அது ஜப்பானியக் குடிமக்களுக்கு, நமக்கில்லை என்று மகன் சமாதானம் சொன்னான். நான் மட்டும் அந்தச் சட்டத்தை நம் ஊரில் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். என் ஆதார் அட்டைக்கே ஆயுள் தண்டனை கிடைக்கும்.

சீசனுக்கு அவர்களைக் குற்றாலத்துக்கு வரச்சொன்னேன். ஐந்தருவியில் கூட்டம், பேரருவியில் தண்ணீர் அதிகம் என்று தடை. பேத்திக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனோம். சந்நிதியில் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. அர்ச்சனைக்கு நான் பெயர் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள்.

“ஆன்ட்டி, இது நிஜமாவே உங்க பேரா? செம்ம தமிழ்ப் பேரு! நாங்க பாப்பாவுக்கு இந்த மாதிரிதான் தேடிட்டிருக்கோம்.”

யாழினி, மகிழினி, நறுமுகை எல்லாம் பார்த்தார்களாம். எல்லாம் வகுப்புக்கு ரெண்டு இருக்கிறதாம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எடுத்துக்கோம்மா, அம்பாள் பெயர், ஒரு காசு செலவில்லை என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். “கொஞ்சம் லென்த்தா இருக்கே ஆன்ட்டி. ‘குழலி’ன்னு கட் பண்ணிக்கலாமா?” நான் யார் அனுமதி கொடுக்க? முன்னால் நின்ற அம்பாளைக் கையைக் காட்டினேன்.

மறுநாள் சங்கரன்கோவில். என் மதினி வீடு அங்கே. அவள் பெயர் கோமதி, ஆடித்தபசு பார்த்துப் பிறந்தவள் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முதலில் கோயிலுக்குப் போனோம். கோயில் யானையைக் கண்டதும் பேத்திக்குக் கால் நகரவில்லை. பெயர் என்ன என்று கேட்டாள். கோமதி என்றார் பாகன். திருநெல்வேலிக் கோயிலில் காந்திமதி என்று ஒன்று இருந்தது, 2025 ஜனவரியில் இறந்துவிட்டது என்று நான் சொன்னேன். வீடுகளில் அந்தப் பெயர்களை இப்போது யாரும் வைப்பதில்லை, யானைகள்தான் காப்பாற்றி வந்தன. பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெட்டிப்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் மகன், “இவங்கதாம்மா கோமதி அத்தை” என்று அறிமுகம் செய்துவைத்தான். பிள்ளை மதினியை மேலும் கீழும் பார்த்தாள். மதினியும் கொஞ்சம் பருமன்தான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆச்சி, யானை பேரு!”

மகனும் மருமகளும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். மதினி அசரவில்லை. முறுக்குத் தட்டை அவள் முன்னால் நகர்த்திவைத்தாள்.

“ஆமாட்டி, எம்பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காவ. சரி, ஒம்பேரு என்ன சொன்ன? ஹனாவா? உங்க ஊர்ல அந்தப் பேர்ல யானை ஒண்ணும் இல்லியோ?”

பிள்ளை இல்லை என்று பலமாகத் தலையாட்டினாள். மதினி என்னைப் பார்த்தாள். நான் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.